தூக்குநூல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில், மலையகத்துப் பழைய வேதக்கோயில்களை, அதாவது கிறிஸ்தவ ஆலயங்களை, அளந்து, பழைய கடதாசிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, கணினியில் ஒரு மாதிரி செய்து வைக்கலாமே என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆகவே சீமெந்து விலைக்கும் கூரை ஒழுக்குக்கும் எல்லைத் தகராறுக்கும் இந்த மாதம் விடுமுறை. நில அளவைப் படங்களை வரைந்தே தலை நரைத்தவன் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

கே: எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கல் கோயில் இருக்கிறது. என் உயர்தர மாணவர்களிடம் நல்ல போன்கள் இருக்கின்றன. அவர்களை வைத்து முப்பரிமாண மாதிரி ஒன்று செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
ஆசிரியை, ஹட்டன்

ப: டீச்சர், போன்களை முதலில் வாங்கி மேசை லாச்சிக்குள் வையுங்கள். பிள்ளைகள் கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்துக் கோயிலை வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று நடக்கவிடுங்கள். வாசல், ஜன்னல், தூண் எல்லாம் எங்கே என்று கையாலேயே ஒரு தரைப்படம் போடட்டும். கோணல்மாணலாக வந்தால் பரவாயில்லை. வரைகிற கை இருந்தால்தான் கண் நிற்கும்.

எதைப் பார்க்க வேண்டும்? முதலில் கல்வரிசை. நல்ல மேசன்பாஸ் கற்களை ஒன்றின் மூட்டு மேல் மற்றது வராதபடி மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார். எங்காவது மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாக மூட்டு ஓடினால், அந்த இடத்தில் பழைய சுவர் முடிந்து புதுச்சுவர் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முன்மண்டபமும், பூசைக்கு உடுத்தும் சிறு அறையும் பெரும்பாலும் இப்படிப் பின்னால் ஒட்டியவைதான். அடுத்தது கூரை மரம். வாள் ஓடிய தடம் வில்லாக வளைந்திருந்தால் வட்ட வாளில், அதாவது மில்லில் அறுத்தது. நேர்கோடாக, ஆனால் ஒழுங்கில்லாமல் இருந்தால் பள்ளம் வெட்டி இரண்டு ஆள் இழுத்து அறுத்தது. இன்று தகரம் போட்டிருக்கும் கூரையின் கைமரத்தில் நெருக்க நெருக்கமாக வெறும் ஆணித்துளைகள் தெரிந்தால், முன்பு வேறு கூரை, அநேகமாக மரச்செதில், இருந்திருக்கும். தகரத்தின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். செய்த கம்பெனியின் முத்திரை சிலவற்றில் இன்னும் அழியாமல் இருக்கும்.

பிறகு டேப். நீளம், அகலம், அதோடு குறுக்கே இரண்டு மூலைவிட்டமும் எடுக்கச் சொல்லுங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமில்லை என்றால் அறை சதுரக்கோணத்தில் இல்லை. முக்கியமான இன்னொன்று: அளவை அடி, அங்குலத்தில் எழுதுங்கள். கட்டியவர்கள் அடியில் நினைத்தவர்கள். மீற்றரில் 12.19 என்று வந்தால் ஒன்றும் தோன்றாது. அடியில் அது சரியாக 40. 40 என்று கண்டதும், அகலம் 20 ஆக இருக்குமோ என்று பிள்ளைகளே டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த ஓட்டம்தான் உங்களுக்கு வேண்டியது.

ஜன்னல் வளைவு கூர்மையாக முடிகிறதா? அடி அகலத்தையும், வளைவு தொடங்கும் இடத்திலிருந்து நுனிவரை உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். உயரத்தை அகலத்தால் வகுத்து 0.866 பக்கம் வந்தால் அது சமபக்க வளைவு. 4 அடி அகலத்துக்கு ஏறக்குறைய 3 அடி 5½ அங்குல உயரம். ஜன்னலின் அகலத்துக்கே ஒரு நூலை வெட்டி, இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்து, மாறி மாறிச் சுழற்றினால் இது வந்துவிடும். கட்டடக்கலைஞர் இல்லாமல், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையும் மேசன்பாஸும் பேசி முடித்துக்கொண்ட கோயில்களில் இந்த வளைவைத் தேடிப் பாருங்கள். கணித வகுப்பில் பைதகரஸ் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கும் இது பதில்.

இப்போது போன்களைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரே இடத்தில் நின்று உடம்பைத் திருப்பித் திருப்பி எடுப்பது பயன்படாது. சுவருக்கு இணையாக அடியடியாக நகர்ந்து எடுக்க வேண்டும், ஒரு படத்தில் இருப்பதில் முக்கால் பங்காவது அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். இடம் மாறி எடுத்த இரண்டு படத்தில் ஒரே கல்லை அடையாளம் கண்டு, கோண வித்தியாசத்தை வைத்துத்தான் மென்பொருள் தூரத்தைக் கணக்கிடுகிறது. நாங்கள் அளவுச் சங்கிலியும், கோணம் அளக்கும் தியோடலைட்டும் வைத்துச் செய்த முக்கோணக் கணக்கின் பேரன்தான் இது. சூம் வேண்டாம். ஒளியளவையும் குவியத்தையும் பூட்டி வையுங்கள். தாழ, நெஞ்சுயரம், கம்பில் கட்டி உயர என மூன்று சுற்று எடுங்கள். மூலைகளில் அவசரப்படாமல் சின்னச் சின்ன அடியாகத் திரும்புங்கள். மாதிரி உடைவது மூலையில்தான். அளவு தெரிந்த ஒரு கம்பு சில படங்களிலாவது இருக்கட்டும். இல்லையேல் மாதிரி அழகாக வரும், அது கோயிலா தீப்பெட்டியா என்று கணினிக்குத் தெரியாது.

வெயில் எறிக்கும் நாளைவிட மப்பு நாள் நல்லது, நிழல் விழாது. ஆனால் நனைந்த கல் மினுங்கும், அன்றைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை பிடிக்குமுன், தை முதல் பங்குனி வரை வசதி. நிறக் கண்ணாடி, பித்தளை, புதுத் தகரம் மூன்றும் மென்பொருளை ஏமாற்றும். அவற்றை டேப்பால் அளந்து பின்னர் கையால் சேர்க்க வேண்டும்.

படங்களை மாதிரியாக்கும் மென்பொருள்களில் மெஷ்ரூம், கோல்மேப் இரண்டும் இலவசம். ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினி ஒன்று வேண்டும், பாடசாலையில் இல்லாவிட்டால் ஊரில் விளையாட்டுப் பைத்தியம் பிடித்த ஓர் அண்ணன் வீட்டில் இருக்கும். வந்த மாதிரியில் மூலைவிட்டத்தை அளந்து டேப் அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைதல் மென்பொருளில் சுத்தமாக வரையும்போது மூன்று நிறம் வையுங்கள்: நின்றதை நின்றபடி அளந்த பகுதிக்கு ஒன்று, பழைய படத்தையோ கடிதத்தையோ பார்த்துச் சேர்த்ததற்கு ஒன்று, ஊகித்ததற்கு ஒன்று. பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் மீட்டுருவாக்குவோருக்காக 2009இல் திருத்தி வெளியிட்ட லண்டன் சாசனமும் சாராம்சத்தில் இதைத்தான் கேட்கிறது: எதை எதிலிருந்து எடுத்தாய் என்று எழுதி வை. நிறம் பிரிக்காத மாதிரியை நான் நம்புவதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

கே: துரைமார் கட்டிய கோயில் என்றால் கடதாசி எல்லாம் லண்டனில்தானே இருக்கும்? எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?
பல்கலைக்கழக மாணவர், பேராதனை

ப: தம்பி, பாதி இங்கேயே இருக்கிறது. முதலில் கோயிலின் சொந்த அலுமாரி. ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளை எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். சுண்ணாம்பு இத்தனை, பலகை இத்தனை, தகரம் இத்தனை, வண்டிக்கூலி இத்தனை என்று எழுதியவன் வரலாற்றுக்காக எழுதவில்லை, அதனால் பொய் குறைவு. சுவாமியிடமோ ஐயரிடமோ நேரே போய் அனுமதி வாங்கி, புத்தகத்தை அந்த அறையை விட்டு வெளியே கொண்டுபோகாமல், ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள்.

அடுத்தது என் பழைய வீடு. நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. கோயில் காணி பிரித்தபோது போட்ட படம் கிடைத்தால், அந்த வருடத்தில் கட்டடத்தின் வெளிக்கோடு எப்படி இருந்தது என்று தெரியும். ஒன்று கவனியுங்கள், பழைய படத்தின் அளவு சங்கிலியில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 100 கண்ணி. பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச்சில். 40 பேர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர். இது தெரியாமல் ஸ்கேன் செய்து கணினியில் போட்டால் கோயில் காணி கிரிக்கட் மைதானமாகிவிடும்.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது, கண்டியில் அதற்கு ஒரு கிளையும் உண்டு. பழைய பத்திரிகைகளையும், தோட்டம் தோட்டமாக விவரம் தரும் ஃபெர்குசன் டைரக்டரிகளையும் அங்கே கேளுங்கள். 1859இல் தொடங்கிய தொடர் அது. எந்த வருடம் எந்தத் தோட்டம் யார் கையில், கோப்பியா தேயிலையா என்று அதில் பிடிக்கலாம்.

கடல் கடந்தவை எங்கே என்பதைச் சபை பார்த்துத் தேடுங்கள். ஆங்கிலிக்கன் சபைக்கு இரண்டு சங்கம்: சர்ச் மிஷனரி சொசைட்டி கடதாசிகள் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். சுவிசேஷப் பரம்புதல் சங்கத்தினுடையவை ஆக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில். மெதடிஸ்தருடையவை லண்டன் சோயாஸ் கல்லூரி நூலகத்தில். பட்டியலை இணையத்தில் பார்த்து, பெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு எழுதுங்கள். தோட்டத்து மக்களுக்காக 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் துரைமாரின் பணத்தில் நடந்தது. பணம் வாங்கினால் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா, ஆகவே அந்த மிஷனின் அறிக்கைகளை விடாதீர்கள். கத்தோலிக்கக் கோயில் என்றால் கண்டி மறைமாவட்டம் 1886இலிருந்து, அதன் ஆரம்ப காலம் சில்வெஸ்திரின் பெனடிக்ட் சபைத் துறவிகள் கையில். ரோமாபுரிக்கும் ஒரு கடிதம் போட வேண்டியிருக்கும்.

ஒரு கோயிலுக்கு மூன்று வயது இருக்கும்: அடிக்கல் வைத்த வருடம், ஆராதனை தொடங்கிய வருடம், ஆயர் பிரதிஷ்டை செய்த வருடம். நுவரெலியா ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்கு 1852 என்று சொல்வது, கொழும்பின் முதலாவது ஆயர் ஜேம்ஸ் சாப்மன் அதைப் பிரதிஷ்டை செய்த வருடம். எந்த வருடத்தைச் சொல்கிறீர்கள் என்று எழுதாமல் வெறும் எண்ணை எழுதுகிறவர்களால்தான் பாதி வாக்குவாதம்.

வரைபடம் கிடைத்துவிட்டால் துள்ளாதீர்கள். அது கட்ட நினைத்தது, கட்டியது அல்ல. கோப்பி இலைநோய் 1869இல் தலைகாட்டியது. பத்துப் பதினைந்து வருடத்தில் தோட்டங்கள் திவாலாகி, 1884இல் அவற்றுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியே சாய்ந்தது. அந்தக் காலத்தில் போட்ட திட்டமென்றால் கடதாசியில் கோபுரம் இருக்கும், மண்ணில் அத்திவாரம்கூட இருக்காது. கடதாசியும் கல்லும் முரண்பட்டால் நான் கல்லின் பக்கம்.

கே: டிக்கோயா வார்லி கிறிஸ்து ஆலயத்தின் பழைய படம் ஒன்று தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது. வருடம் எழுதவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?
வாசகர், நோர்வூட்

ப: கோயிலைப் பார்க்காமல் அதற்குக் கீழே பாருங்கள். பள்ளத்தில் தண்ணீர் விரிந்து கிடந்தால், காசல்ரீ அணை கட்டிய பிறகு எடுத்தது, அதாவது 1960களின் நடுப்பகுதிக்குப் பின். ஆறும் வயலும் தேயிலையும் மட்டும் தெரிந்தால் அதற்கு முன். கோயில் 1878ஐச் சேர்ந்தது, எனவே படம் அந்த வருடத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. இன்னொரு தகவலும் மனதில் இருக்கட்டும்: அப்போது ரயில் நாவலப்பிட்டியோடு நின்றிருந்தது, ஹட்டனுக்கு வந்தது 1884இல். கல் பக்கத்து மலையில் கிடைக்கும். கண்ணாடியும் இரும்பும் மணியும் நாவலப்பிட்டியிலிருந்து மாட்டு வண்டியிலும், வண்டி ஏறாத இடத்தில் ஆள் தலையிலும்தான் வந்திருக்க வேண்டும். அந்தத் தலைகளின் பெயர் எந்தக் கடதாசியிலாவது கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழ் முழுவதையும் அதற்கே கேட்டு வாங்குகிறேன்.

கோயிலின் மாதிரி யாராவது செய்திருந்தால் உங்கள் படத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஜன்னல் நுனி, கூரை முகடு, வாசல் மூலை என்று படத்திலும் மாதிரியிலும் பொதுவாக உள்ள ஐந்தாறு புள்ளிகளைப் பொருத்தினால், படம்பிடித்தவர் எந்த இடத்தில் நின்றார் என்று கணக்கு வரும். அது வந்துவிட்டால் இன்று இல்லாத வேலியையும் மரத்தையும் படத்திலிருந்தே அளக்கலாம். படத்தை உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்யுங்கள், ஓரத்தை வெட்டாதீர்கள். ஓரம் போனால் இந்தக் கணக்கும் போச்சு.

கே: செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் இடிந்த கோயிலை அப்படியே வரைந்து தருகிறதே, பிறகு எதற்கு டேப்பும் கொப்பியும்?
வாசகர், பதுளை

ப: வரையும். இங்கிலாந்துக் கிராமத்துக் கோயில் ஒன்றை எடுத்துப் பின்னால் தேயிலையை ஒட்டித் தரும். கலண்டருக்கு நல்லது.

கே: கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தை மாதிரி செய்ய நினைக்கிறோம். தூண்கள் எல்லாம் ஒரே மாதிரிதானே, ஒன்றை வரைந்து பிரதி எடுத்தால் போதாதா?
வாசகி, கட்டுகஸ்தோட்டை

ப: அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள், மகள். வணபிதா எல். ஜே. காஸ்டர் வடிவமைத்த அந்த ஆலயத்துக்கு 1923இல் அடிக்கல், 1935இல் பிரதிஷ்டை. கோதிக் வளைவுகளை ஒதுக்கிவிட்டு, சுவரில்லாத கண்டி மண்டப முறையில், அருப்பொலக் கல்லில் 54 தூண்களை நிறுத்தினார்கள். எல்லாம் கையால் கொத்தியவை. ஒன்றை வரைந்து 53 தடவை ஒட்டினால், கல்கொத்தியவர்களின் கை அதில் இருக்காது. ஒவ்வொரு தூணையும் தனித்தனியே எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரே வடிவத்தை எத்தனை கை கொத்தியது, எது முதலில், எது பிந்தி என்று ஓர் ஆய்வே அதில் கிடக்கிறது.

இதில் ஒரு தொழில் சிக்கலும் உண்டு. ஒன்றுபோல் இருக்கும் தூண்களைப் பார்த்தால் மென்பொருள் ஐந்தாவது தூணை ஒன்பதாவது என்று நினைத்துக் கட்டடத்தையே மடித்துவிடும். தூணுக்கு ஓர் இலக்கம் எழுதிய அட்டையை அடியில் சாய்த்து வைத்து எடுங்கள். ஒட்டாதீர்கள், சாய்த்து வையுங்கள். டேவிட் பெயின்டரின் சுவரோவியங்கள் பக்கம் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம்.

கே: எங்கள் ஆலயத்தின் பின்சுவரில் வெடிப்பு. மலை நகர்கிறதா என்று போன் ஸ்கேனில் தெரியுமா?
சபை அங்கத்தவர், ஹப்புத்தளை

ப: போன் மாதிரியில் சில சென்டிமீற்றர் பிழை சாதாரணம். வெடிப்போ மில்லிமீற்றரில் வளர்வது. அதற்குப் பழைய வழியே சரி: வெடிப்பின் இரு பக்கமும் ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்துப் பதித்து, தேதியை எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது. அதோடு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு மாதம் ஒருமுறை இடைவெளியை அளந்து கொப்பியில் எழுதுங்கள். சரிவில் நிலமும் வெடித்திருந்தால், அல்லது மரங்கள் சாய்ந்திருந்தால், காத்திருக்காமல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு உங்கள் பக்கத்து ஊர்க்கதை, நான் சொல்ல வேண்டியதில்லை.

வெடிப்பைச் சீமெந்தால் பூசி மறைக்கச் சொல்லி யாராவது விலை தந்தால் வாங்காதீர்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். சீமெந்து அதை உள்ளே அடைத்துவிடும், பிறகு கல்லே உதிரும்.

கே: பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயக் கல்லறைகளில் எழுத்துத் தெரியவில்லை. சோக்கட்டி தேய்த்து வாசிக்கலாமா?
வாசகர், பொகவந்தலாவை

ப: தேய்க்காதீர்கள், கம்பித் தூரிகையும் வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு ஒரு டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழுந்து வாசிக்கலாம். டோர்ச்சை இடம் மாற்றி மாற்றி, கமராவை அசைக்காமல் படமெடுங்கள். படித்ததைச் சரிபார்க்க, 1913இல் ஜே. பி. லூயிஸ் இலங்கைக் கல்லறை வாசகங்களைத் தொகுத்த பட்டியலைப் பாருங்கள். அவர் காலத்தில் எழுத்துகள் இவ்வளவு தேயவில்லை. உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் இறந்து அதே வளவில்தான் கிடக்கிறார். சாய்ந்த ஒளியின் அருமை தெரிந்த மனுஷி.

கே: எல்லாம் வேதக்கோயில், துரைமார் கோயில். எங்கள் கோயில்களை யார் அளப்பது?
வாசகர், மஸ்கெலியா

ப: அண்ணே, கோபம் நியாயம். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா டவுன் 1960களின் இறுதியில் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டுகின்றன. ஊரே போய்ச் செல்பி எடுக்கிறது. அடுத்த முறை அதே போனால், மேலே ஹட்டன் டீச்சருக்குச் சொன்ன முறையில் சுற்றிவர எடுத்து வையுங்கள். சேறு காய்ந்த இடத்தில் மட்டும் மிதியுங்கள், தனியாகப் போகாதீர்கள். மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால் வெவ்வேறு வருடத்துப் படங்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஏற்கெனவே ஊராரின் போனில் கிடக்கும் படங்களையும் சேகரியுங்கள், அவற்றிலிருந்தும் ஓரளவு மாதிரி வரும்.

சட்டத்தின் கதை வேறு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களைத்தான் தொன்மைச் சின்னம் என்கிறது. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கையில் கொடுத்த ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. தோட்டங்கள் அதற்குப் பிறகு வந்தவை. எனவே துரையின் கோயிலும் நம்முடைய அம்மன் கோயிலும் தொழிலாளர் குடியிருந்த லயமும் இந்த விஷயத்தில் ஒரே வரிசையில் நிற்கின்றன, தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு.

கே: கூரையை எடுக்க ட்ரோன் விடலாமா?
வாசகர், தலவாக்கலை

ப: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் வேண்டாம். ஐந்தாறு மீற்றர் மூங்கிலின் நுனியில் போனை இறுகக் கட்டி, ஒரு செக்கனுக்கு ஒரு படம் என்று வைத்துச் சுற்றி வாருங்கள், சின்னக் கோயிலின் கூரை விளிம்புவரை வந்துவிடும். மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் மேலே பாருங்கள்.